ரிசீவர் தடுமாறும்போது: குறையை அதன் நேரத்தைக் கொண்டு கண்டறிதல்

ஜிபிஎஸ் கொண்டு திருத்தப்படும், வீட்டில் கட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் அலைவெண் மூலம் தடுமாறத் தொடங்கினால் பழி முதலில் ஜிபிஎஸ் ரிசீவர்மீது விழுகிறது. அது விலை குறைந்த பொருள், எளிதில் கிடைக்கும் பொருள், கழற்றி மாட்டவும் சிரமமில்லை. எனவே பலரும் மாட்யூலை மாற்றிவிடுகிறார்கள். சில நாள் எல்லாம் சரியானதுபோலத் தெரியும். பிறகு அதே தடுமாற்றம் திரும்பிவரும். இந்த அத்தியாயம் வேறொரு வழியை முன்வைக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன், குறை எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை வரும் நேரமே அதன் காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரிசீவரைச் சந்தேகிக்கும் முறை கடைசியில்தான் வரவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, இடிமின்னல் மிகுந்த தென் ஜொகூரில், விமான நிலையத்தையும் தொழிற்சாலைகளையும் அருகில் வைத்திருக்கும் செனாயில் இந்த முறை இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மனத்தில் வைத்து எழுதிய கையேடுகளில் இங்குள்ள வானம் இல்லை.

ரிசீவருக்கு முன்னால் என்னென்ன இருக்கின்றன

சூட்டறைக்குள் வைத்த படிக ஆசிலேட்டர், அதாவது ஓசிஎக்ஸ்ஓ, வினாடிக்கணக்கில் மிக அமைதியானது. நாட்கணக்கில் மெல்ல நகரும். ரிசீவர் தரும் வினாடித் துடிப்பு இதற்கு நேரெதிர். ஒவ்வொரு துடிப்பும் 20, 30 நானோ வினாடி முன்னும் பின்னும் ஆடும். ஆனால் நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் பின்னால் அணுக்கடிகாரங்கள் நிற்கின்றன. கட்டுப்பாட்டு லூப் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி வழியாக ஆசிலேட்டரின் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுகத் திருத்துகிறது. 1998 ஜூலை மாதக் கியூஎஸ்டி இதழில் புரூக்ஸ் ஷெரா வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து இன்று ஆர்டுயினோவைக் கொண்டு கட்டுபவை வரை அடிப்படை இதுதான்.

துடிப்பு ரிசீவரில் பிறந்தாலும் அதன் தரம் ரிசீவரில் மட்டும் தீர்மானமாவதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சமிக்ஞை தரையை எட்டும்போது ஏறத்தாழ மைனஸ் 130 டிபிஎம் அளவில் இருக்கிறது. இது ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு மெலிந்த சமிக்ஞை அயனி மண்டலத்தையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் கடந்து, வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஆன்டெனாவுக்குள் போய், கேபிளையும் இணைப்பிகளையும் தாண்டித்தான் மாட்யூலை அடைகிறது. மாட்யூலோ உலோக மூடிக்குள், நிழலில், சீரான மின்னழுத்தத்தில் இருக்கிறது. எது முதலில் கெடும் என்பதைச் சூழலே சொல்கிறது.

முதலில் பதிவு, பிறகு பழுதுபார்ப்பு

ஒரு வாரம் இடைவிடாமல் பதிவு எடுப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு துணைக்கோளின் சிக்னல் அளவு, ஏற்றக்கோணம், திசை, துடிப்புக்கும் ஆசிலேட்டருக்கும் இடையிலான கட்ட வேறுபாடு, டிஏசி மதிப்பு, பெட்டியின் வெப்பநிலை. இவை எல்லாம் நேரக்குறிப்போடு ஒரே கோப்பில் சேரவேண்டும். ரிசீவர் அனுப்பும் ஜிஎஸ்வி வரிகளிலேயே துணைக்கோள் விவரங்கள் வந்துவிடுகின்றன. திறந்த வானத்தில் உயரத்தில் நிற்கும் துணைக்கோள் 40 முதல் 50 டெசிபெல்-ஹெர்ட்ஸ் வரை காட்டவேண்டும். எல்லாமே 30-ஐ ஒட்டி நின்றால் ஆன்டெனாவிலோ கேபிளிலோ குறை இருக்கிறது. மாட்யூலின் விளக்கு மினுங்குகிறது என்பதற்காக எல்லாம் சரி என்று முடிவு செய்யக்கூடாது. இருப்பிடம் கிடைத்தது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது.

பதிவின் ஒரு பகுதியை லூப்பைத் துண்டித்து எடுப்பது மிகவும் உதவும். டிஏசி மதிப்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஆசிலேட்டரைத் தன்போக்கில் ஓடவிடுங்கள். கட்ட வேறுபாட்டு வரைகோடு மெல்ல வளையும் சீரான கோடாக வந்தால் அது ஆசிலேட்டரின் நகர்வு. அந்தக் கோட்டின்மேல் மேடுகளும் குழிகளும் ஏறி நின்றால் அவை துடிப்பின் வழியாக வந்தவை. லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால், நல்ல ஆசிலேட்டரைக் கெட்டது என்றும் கெட்ட ஆன்டெனாவை நல்லது என்றும் தவறாக எண்ண நேரிடுகிறது.

தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வரும் குறை

ஜிபிஎஸ் துணைக்கோள் ஏறத்தாழ 11 மணி 58 நிமிடத்தில் ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதனால் நம் தலைக்கு மேலுள்ள அதே அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புகிறது. சுவரிலோ தகரக் கூரையிலோ தெறித்து வரும் சமிக்ஞை உண்டாக்கும் பலவழிப் பிறழ்வும் அதே கணக்கில் திரும்பும். இன்று இரவு 9 மணிக்கு வந்த மேடு நாளை 8.56-க்கு வரும், ஒரு வாரத்தில் 28 நிமிடம் முன்னேறியிருக்கும். இப்படி நகரும் குறைக்கு ஆன்டெனா நிற்கும் இடம்தான் காரணம். எத்தனை மாட்யூல் மாற்றினாலும் அது போகாது. இந்தச் சோதனைக்கு ரிசீவரை ஜிபிஎஸ் மட்டும் கேட்கும்படி அமைத்துக்கொள்ளவேண்டும். கிளோனாஸ் அமைப்பு எட்டு நாளுக்கு ஒருமுறையும் கலிலியோ பத்து நாளுக்கு ஒருமுறையும்தான் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. எல்லாம் கலந்துவிட்டால் நான்கு நிமிடக் கணக்கு புதைந்துபோகும்.

ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதற்குச் செனாயின் இருப்பிடம் ஒரு தெளிவான விடை தருகிறது. ஜிபிஎஸ் துணைக்கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்தது; அவை 55 பாகை அட்சரேகைக்கு மேலே போவதில்லை. கணக்கிட்டால் செனாயிலிருந்து நேர் வடக்கே சுமார் 24 பாகைக்குக் கீழும், நேர் தெற்கே சுமார் 20 பாகைக்குக் கீழும் ஒரு ஜிபிஎஸ் துணைக்கோளும் எப்போதும் வராது. ஆகவே வடக்கிலும் தெற்கிலும் தாழ்வாக நிற்கும் சுவரும் மரமும் துணைக்கோள்களை மறைப்பதில்லை. அவற்றில் தெறித்து வரும் சமிக்ஞையை மட்டும் கவனித்தால் போதும். கிழக்கிலும் மேற்கிலும் வானம் திறந்திருப்பதுதான் முக்கியம். தெற்கு வானத்தைத் திறந்துவையுங்கள் என்று வட அட்சரேகை நாடுகளின் கையேடுகள் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றினால் தவறான பக்கத்தில் ஆன்டெனா நிற்கும். வரிசை வீடுகளில் கூரை முகட்டுக்கு மேலே ஒரு குழாயில் ஏற்றி, அடியில் உள்ளங்கையளவாவது உலோகத் தட்டு வைத்து, ரிசீவரின் ஏற்றக்கோண வரம்பை 15 பாகைக்கு உயர்த்துவது பெரும்பாலான மேடுகளை அடக்கிவிடும்.

கடிகாரத்தில் அதே மணிக்கு வரும் குறை

நான்கு நிமிடம் நகராமல் தினமும் ஒரே மணிக்கு வரும் குறை சூரியனையோ மனிதர்களையோ சார்ந்தது. டிஏசி மதிப்பு பிற்பகலில் ஏறி விடியற்காலையில் இறங்குகிறது, கட்ட வேறுபாடோ சிறிதாகவே இருக்கிறது என்றால் ரிசீவரில் குறையே இல்லை. வெப்பத்தால் நகரும் ஆசிலேட்டரை லூப் சரியாகத்தான் பிடித்துவைத்திருக்கிறது. குளிர்சாதனம் ஓடத் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் பெட்டியைக் காற்றோட்டத்திலிருந்து மறைக்கவேண்டும்.

இதற்கு மாறாக, குறிப்பிட்ட மணியில் எல்லாத் துணைக்கோள்களின் சிக்னல் அளவும் ஒன்றாகச் சரிந்தால் அது குறுக்கீடு. மறைப்பு ஓரிரு துணைக்கோள்களைத்தான் தாக்கும். குறுக்கீடு எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும். வீட்டிலுள்ள மலிவான மின்மாற்று அடாப்டர், எல்இடி விளக்கு, கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சி ஆன்டெனாப் பெருக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். துணைக்கோள் தொலைக்காட்சித் தட்டிலிருந்து இறங்கும் கேபிளில் ஓடும் இடைநிலை அலைவெண் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை; ஜிபிஎஸ் அலை அதன் நடுவில் விழுகிறது. எனவே தளர்ந்த இணைப்பி கொண்ட தட்டுக்கு அருகில் ஆன்டெனாவை வைக்காதீர்கள். இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு கெடுக்குமா என்று ஐயப்படுபவர்களுக்கு 2001-இல் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் நடந்தது பதில்: துறைமுகம் முழுவதும் ஜிபிஎஸ் செயலிழந்ததற்கு, பெருக்கியுடன் கூடிய சாதாரணத் தொலைக்காட்சி ஆன்டெனாக்களே காரணம் என்று தேடிக் கண்டறிந்தார்கள். சில வினாடிகள் மட்டும் எல்லாச் சிக்னலும் விழுந்து எழுந்தால் சாலையில் போகும் வண்டியில் சட்டவிரோதத் தடைக்கருவி இருக்கக்கூடும். நியூவார்க் விமான நிலையத்தின் வழிகாட்டி அமைப்பைத் தடுமாறவைத்த ஒரு லாரி ஓட்டுநருக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2013-இல் ஏறத்தாழ 32,000 டாலர் அபராதம் விதித்தது. அப்படியொரு குறுக்கீடு தொடர்ந்து வந்தால் பதிவுக் கோப்போடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். நேரக்குறிப்புள்ள பதிவுதான் உங்கள் சான்று.

அந்திக்குப் பின் வரும் குறை

மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு 8 மணியிலிருந்து நள்ளிரவுக்குள் சில துணைக்கோள்களின் சிக்னல் மட்டும் வேகமாக ஏறி இறங்கி, பிடி விட்டு, மீண்டும் பிடித்தால் நீங்கள் பார்ப்பது அயனி மண்டலத்தின் மினுக்கல். காந்த நிலநடுக்கோடு தென் தாய்லாந்தை ஒட்டிச் செல்வதால் தீபகற்பம் முழுவதும் அதன் தாக்கத்துக்குள் வருகிறது. செனாயில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு மறைகிறது; அதன்பின் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. அவற்றைக் கடந்து வரும் சமிக்ஞை 20 டெசிபெல்லுக்கு மேலும் வீழ்வதுண்டு. சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது கூடுதல். இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதை 2024 அக்டோபரில் நாசா உறுதிப்படுத்தியது. இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, ஏற்பாடு உண்டு. துணைக்கோள்களின் எண்ணிக்கை குறையும்போதோ கட்ட வேறுபாடு திடீரெனத் தாவும்போதோ லூப் திருத்துவதை நிறுத்தி டிஏசி மதிப்பைப் பிடித்துவைக்கும்படி நிரல் எழுதுங்கள். ஆசிலேட்டர் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு தவறினாலும் ஒரு மணி நேரத்தில் சேரும் பிழை 0.36 மைக்ரோ வினாடிதான்; தடுமாறும் துடிப்பைத் துரத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

பகல்-இரவு அயனித் தாமதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அயனி மண்டலத்தின் மொத்த எலக்ட்ரான் அளவு 100 டிஇசி அலகை எட்டும் பிற்பகலில் நேர்மேலிருந்து வரும் எல்1 சமிக்ஞை 54 நானோ வினாடி தாமதப்படும். ரிசீவரில் உள்ள திருத்த வாய்பாடு அதில் ஏறத்தாழ பாதியை நீக்கிவிடும். எஞ்சும் 27 நானோ வினாடி ஆறு மணி நேரத்தில் மறைகிறது என்றால், அலைவெண்ணில் அதன் விளைவு லட்சம் கோடியில் ஒன்றேகால் பங்கு. வீட்டு ஆய்வுமேசையின் தேவைக்கு அது பொருட்டல்ல.

மழையோடும் இடியோடும் வரும் குறை

மழைத்துளி ஜிபிஎஸ் அலையை அசைப்பதில்லை. எனவே மழை நாளில் சிக்னல் விழுந்து, வெயிலில் மெல்லத் தேறினால் இணைப்பிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியிலுள்ள ஒவ்வொரு இணைப்பிக்கும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். இடி விழுந்த மறுநாளிலிருந்து சிக்னல் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி அடிபட்டிருக்கலாம். கேபிளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். வழக்கமான ஆன்டெனா 10 முதல் 30 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பூச்சியம் என்றால் தொடர்பு அறுந்திருக்கிறது, மிக அதிகம் என்றால் குறுக்குச் சுற்று. 5 வோல்ட் ஆன்டெனாவை 3.3 வோல்ட் தரும் மாட்யூலோடு மாட்டியிருக்கிறீர்களா என்பதையும் இப்போதே சரிபாருங்கள். மின்னல் பாதுகாப்பியை நிலக்கம்பியோடு இணைப்பது செனாயில் கட்டாயம்.

கேபிளின் வகையும் கணக்கில் சேரும். ஆன்டெனாவோடு வரும் மெல்லிய ஆர்ஜி-174 இந்த அலைவெண்ணில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 டெசிபெல் விழுங்கும். 20 மீட்டர் நீட்டினால் ஆன்டெனாப் பெருக்கியின் பலனில் பெரும்பகுதி போய்விடும். தொலைக்காட்சித் தட்டுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 அதே நீளத்தில் 6 டெசிபெல் அளவே இழக்கும். அது 75 ஓம் கேபிள், ரிசீவர் 50 ஓம் ஆயிற்றே என்ற தயக்கம் வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் ஒரு முனையில் இழப்பது 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு.

எந்தக் கால ஒழுங்கும் இல்லாத தாவல்கள்

மேற்சொன்ன எதிலும் அடங்காமல், ஒருமுறை தாவி அங்கேயே நின்றுவிடும் குறைக்கு அமைப்பு மதிப்புகளே பெரும்பாலும் காரணம். மின்தடைக்குப் பின் வந்தால் மாட்யூல் தன் அமைப்பை மறந்து தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் நுண்கட்டுப்படுத்தியே அமைப்பை அனுப்பும்படி செய்யுங்கள். துணைக்கோள் பிடி இல்லாதபோதும் துடிப்பு வரும்படி மாட்யூல் அமைந்திருந்தால், லூப் ரிசீவரின் மலிவான படிகத்தையே அணுக்கடிகாரம் என்று நம்பிப் பின்தொடரும். பிடி இல்லையென்றால் துடிப்பும் இல்லை என்று அமைத்தே தீரவேண்டும். நேரத்துக்கென்று செய்த மாடல்களில் இருப்பிடத்தை அளந்து நிலைநிறுத்தும் வசதி உண்டு. அந்த அளவீட்டைப் பல மணி நேரம் ஓடவிடுங்கள். உயரத்தில் 10 மீட்டர் தவறிப் பதிந்தால் 33 நானோ வினாடி வரை பிழை உள்ளே உட்கார்ந்து, துணைக்கோள்கள் மாறும்போதெல்லாம் ஆடும்.

துடிப்பை யூடிசி நேரத்தோடு சேர்க்காமல் ஜிபிஎஸ் நேரத்தோடு சேர்ப்பது நல்லது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய துணைக்கோளை ஓய்வுக்கு அனுப்பியபோது, வேறு பல துணைக்கோள்கள் 13 மைக்ரோ வினாடிக்கு மேல் தவறான யூடிசி திருத்தத்தைப் பல மணி நேரம் ஒலிபரப்பின. ஜிபிஎஸ் நேரத்தை மட்டும் பின்பற்றிய கருவிகளை அது தொடவில்லை. தேதி மட்டும் 1024 வாரம் பின்னே போயிருந்தால் அஞ்ச வேண்டாம். பலர் பயன்படுத்தும் டிரிம்பிள் தண்டர்போல்ட் 2017 ஜூலை 30 முதல் 1997 என்று காட்டியது. அதன் 10 மெகாஹெர்ட்ஸ் கெடவில்லை.

சில மறுப்புகள்

லூப்பின் நேர மாறிலியைக் கூட்டினால் இவையெல்லாம் சராசரியில் மறைந்துவிடாதா என்று கேட்பார்கள். ஒழுங்கற்ற ஆட்டம் மறையும். பலவழிப் பிறழ்வு மறையாது. 30 நானோ வினாடி மேடு 1000 வினாடி நீடித்தால் அது நூறு கோடியில் 0.03 பங்கு அலைவெண் பிழை. அதை மறைக்கப் பல மணி நேர மாறிலி வேண்டும். அவ்வளவு நேரம் தன்னைத்தானே தாங்கும் ஆசிலேட்டர் வீட்டுக் கருவிகளில் அரிது. ரூபிடியம் ஆசிலேட்டர் வாங்கினால் தாங்குமே என்பது சரி. அப்போதும் அதைத் திருத்துவது இதே துடிப்புதான். இரட்டை அலைவெண் மாட்யூல் அயனிப் பிழையை நீக்கும் என்பதும் உண்மை. ஆனால் மினுக்கலில் பிடி விடுவதை அது தடுப்பதில்லை. தெறித்து வரும் சமிக்ஞையையும் அது அறியாது. எல்5 அலையான 1176.45 மெகாஹெர்ட்ஸ் விமானத் தூரமானிகள் இயங்கும் 960–1215 பட்டைக்குள் இருக்கிறது என்பதை விமான நிலையத்துக்கு அருகில் வசிப்போர் நினைவில் கொள்ளவேண்டும்.

மாட்யூல் மலிவு, மாற்றிப் பார்ப்பதில் என்ன நட்டம் என்பதே வலுவான மறுப்பு. மாற்றும்போது கேபிள் அசைகிறது, இணைப்பி இறுகுகிறது, இருப்பிடம் புதிதாக அளக்கப்படுகிறது. இதில் எது குறையைத் தீர்த்தது என்று பிறகு சொல்ல முடியாது. மாற்றித்தான் பார்க்கவேண்டும் என்றால் சரியான முறை ஒன்று உண்டு: ஒரே ஆன்டெனாவைப் பிரிப்பான் வழியாக இரு ரிசீவர்களுக்கும் கொடுத்து, மின்சாரம் ஒரு கிளையில் மட்டும் போகும்படி வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் ஒரே மேடு வந்தால் குறை வானத்திலோ ஆன்டெனாவிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால்தான் ரிசீவர் குற்றவாளி. அந்தத் தீர்ப்பு கிடைக்கும்வரை ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். ஒரு வாரப் பதிவை எடுங்கள்.